வறண்ட புல்வெளியில் ஒரு மீன்கழுகு

இருசப்பன் அந்தக் கழுகை வாரியத்துக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். கொண்டுபோன அன்று யாரும் சொல்லவில்லை.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. கோல சிலாங்கூருக்கு வடக்கே, ஆற்றை ஒட்டிய ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வேலை. முதலில் பழம் வெட்டினார். பிறகு பதினோரு வருஷம் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தார். விரல் நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூட மனைவி கலாவதிதான் மாட்டிவிட வேண்டும் என்று ஆனபோது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இரக்கப்பட்டு அவரை எலி மருந்து வைக்கும் வேலைக்கு மாற்றினார். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மருந்துக்கட்டியைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அதற்கு விரலில் உணர்ச்சி வேண்டியதில்லை. நாளாக ஆக விரலோடு மற்றதும் கொஞ்சம் மரத்துப்போயிற்று. மகள் துளசி ஜொகூரில் வேலை கிடைத்துப் போனபோதுகூட, "சரி, போய்ட்டு வா" என்றுவிட்டு மோட்டார்சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆற்றோரம் ஒரு பூலாய் மரம் இருந்தது. தோட்டம் போட்டபோது வெட்டாமல் விட்டது. அதன் உச்சியில் நாலு வருஷமாக ஒரு ஜோடி மீன்கழுகு கூடு கட்டிவந்தது. சாம்பல் நிறத் தலை, வெள்ளை வால். அந்த வருஷம் கூட்டில் ஒரு குஞ்சு தலைகாட்டியது. இருசப்பன் பத்து மணிக்குப் பசியாறும்போது அதைப் பார்ப்பார். பிடித்துப்போய்ப் பார்த்தாரென்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம்தான் நிழல் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜோடியில் ஒன்று கரையோரச் சேற்றில் கிடந்தது. யாரோ விட்டெறிந்த தூண்டில் தங்கூசி நரம்பு ஒரு இறக்கையைச் சுற்றி இறுக்கியிருந்தது. கத்தியால் தங்கூசியை அறுத்தார். சாக்கில் சுற்றினார். மோட்டார்க் கூடையில் வைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். அங்கே ஒரு கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில் 'வட சிலாங்கூர் வேட்டைப்பறவைப் பாதுகாப்பு வாரியம்' என்ற பலகையை அவர் பார்த்திருந்தார்.

உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த இயந்திரம் ஒரு சீட்டைக் கொடுத்தது. எண் ஒன்று. அறையில் வேறு யாரும் இல்லை. முகப்பில் உட்கார்ந்திருந்த இளைஞர், அவர் பெயர் புவனேசன், இருசப்பனைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், சுவரில் இருந்த எண் பலகையைப் பார்த்தார். நாற்பது நிமிஷம் கழித்துப் பலகையில் ஒன்று என்று விழுந்தது.

"சொல்லுங்க அங்கிள்."

"கழுகு சார். றெக்கையில அடி."

புவனேசன் கணினியைத் தட்டினார். "எங்க கிடைச்சுச்சு?"

"தோட்டத்துல. ஆத்தோரம்."

"ஹெபிட்டாட் என்னா?"

"அப்படின்னா?"

"எந்த மாதிரி இடம்னு கேக்குது லா."

"சேறு. செம்பனை. பக்கத்துல தண்ணி வடியுற லோங்காங்."

புவனேசன் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். "இதுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு அங்கிள். வறண்ட புல்வெளி ஆற்றுப் பள்ளத்தாக்கு."

"அது எங்க சார் இருக்கு?"

"நம்ம பக்கம் இல்ல. ஆனா திட்டம் அதுக்குத்தான் வந்துருக்கு."

உண்மை அதுதான். வருஷத்துக்கு இரண்டு தடவை மழை பெய்கிற ஏதோ ஒரு நாட்டில், அழிந்துவரும் வேட்டைப்பறவைகளைக் காப்பதற்காக முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருந்தார்கள். அந்தக் கையேட்டைப் பின்பற்ற ஒப்புக்கொண்டால் நிதி உண்டு என்று ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை அறிவித்தது. ஒப்புக்கொண்டு அமைக்கப்பட்டதுதான் வாரியம். மூன்று வருஷமாக அது வட சிலாங்கூரில் வறண்ட புல்வெளியைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்காததால் ஒரு பறவையையும் காப்பாற்றவில்லை. 'வாரியத்தின் பராமரிப்பில் இதுவரை ஒரு பறவைகூட இறந்ததில்லை' என்று ஆண்டறிக்கை சொன்னது.

"சேறுன்னு போட்டா சிஸ்டம் எடுக்காது. நீங்க பறவையைத் திருப்பித் தூக்கிட்டுப் போகணும்," என்றார் புவனேசன்.

சாக்குக்குள் கழுகு ஒருமுறை அசைந்தது.

"உங்களுக்கு எது சரியோ அதைப் போடுங்க சார்," என்றார் இருசப்பன். வறண்ட புல்வெளியில் பறவையைக் கண்டெடுத்ததாக நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே வாரியத்தின் இயக்குநர் டாக்டர் புனிதன் தோட்டத்துக்கு வந்தார். புத்தம் புதிய ரப்பர் பூட்ஸ். மூன்று வருஷமாகத் தேடிய நிலத்தை ஒரு தொழிலாளி ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பூலாய் மரத்துக்குப் பக்கத்தில் மறுநடவுக்காகப் பழைய செம்பனைகளைச் சாய்த்த நாற்பது ஏக்கர் வெட்டவெளி கிடந்தது. போன மாதம் களைக்கொல்லி அடித்ததில் புல்லெல்லாம் பழுப்பாகக் காய்ந்து நின்றது. டாக்டர் புனிதன் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாருங்கள் புவனேசன். நாம் இயற்கையைத் தேடிப் போனோம். அதுதான் தவறு. கையேடு நம்மிடம் உறுதியாக இருந்தால், இயற்கை தானாக அதற்குள் வந்து சேரும்."

"இது மருந்தடிச்ச புல்லு சார்," என்றார் இருசப்பன்.

"வறண்டிருக்கிறதா இல்லையா?"

"வறண்டுதான் இருக்கு."

"ஆறு?"

"அந்தா ஓடுது."

"பள்ளத்தாக்கு?" டாக்டர் சுற்றிலும் பார்த்தார். தரை சப்பாத்திக்கல் மாதிரி கிடந்தது. கடைசியில் அவர் கண் லோங்காங்கில் நின்றது. "இது எவ்வளவு ஆழம்?"

"இடுப்பளவு சார்."

"போதும்," என்றார் டாக்டர் புனிதன்.

அடுத்த வாரம் இருசப்பனைச் 'சமூகப் பறவைக் காவலர்' என்று நியமித்தார்கள். தொப்பி கொடுத்தார்கள், நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தார்கள். தோட்ட நிர்வாகி, தன் படமும் அறிக்கையில் வரும் என்றதும் சம்மதித்தார். எலி மருந்து வேலை மட்டும் அப்படியே தொடர்ந்தது. காலையில் மருந்து, மாலையில் காவல்.

கழுகை வாரியத்தின் பின்னறையில் ஒரு பெரிய கூண்டில் வைத்திருந்தார்கள். இறக்கைக்கு மருத்துவர் கட்டுப் போட்டார், புண் நன்றாகவே ஆறியது. சிக்கல் சாப்பாட்டில் வந்தது. கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் உணவுப் பட்டியல் இருந்தது. முயல், நில அணில், வயல் எலி. மீன் இல்லை.

"மீன்கழுகு சார் அது. மீன்தான் தின்னும்."

"அது பேரு மட்டுந்தான் அங்கிள்," என்றார் புவனேசன். "எலி கொண்டாங்க. உங்க தோட்டத்துல இல்லாத எலியா?"

"எங்க தோட்டத்து எலி எல்லாம் மருந்து தின்ன எலி சார். நான்தானே வைக்கிறேன்."

புவனேசன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே தேடினார். "மருந்தைப் பத்தி இங்க ஒண்ணும் போடலையே அங்கிள்."

இருசப்பன் ஒரு வாரம் சாப்பாட்டு டப்பாவில் கெலி மீனை ஒளித்துக் கொண்டுபோய்ப் போட்டார். கழுகு தலையை ஆட்டி ஆட்டித் தின்றது. எட்டாம் நாள் கேமராவில் பார்த்துவிட்டார்கள். 'அங்கீகரிக்கப்படாத உணவு வழங்கியமை' என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடவே எலி அனுப்பச் சொல்லித் தோட்டத்துக்கு ஒரு கடிதம். நிர்வாகி மண்டோரிடம் கொடுத்தார். மண்டோர் இருசப்பனிடம் கொடுத்தார்.

துள்ளிக் குதிக்கிற எலியாகப் பார்த்துப் பொறி வைத்துப் பிடித்தார் இருசப்பன். மருந்து தின்ற எலியும் நாலு நாள் துள்ளும் என்று அவருக்குத் தெரியும். கழுகு இரண்டு நாள் எலியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தின்றது. 'உணவுமுறைக்கு இணக்கம்' என்று புவனேசன் கட்டத்தில் குறித்துக்கொண்டார்.

இதற்குள் வெளிநாட்டு அறக்கட்டளையின் பிரதிநிதி ஓர் அம்மையார் சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. புல்வெளியைப் பார்க்க வேண்டும், கழுகை அவர் கையாலேயே பறக்கவிட வேண்டும். வாரியத்தில் எல்லாரும் கையேட்டோடு ஓடினார்கள். பள்ளத்தாக்கில் பாரம்பரிய மேய்ப்பர்கள் இருப்பார்கள் என்று தொண்ணூறாம் பக்கம் சொன்னது.

"ஆடு வேணும் அங்கிள்," என்றார் புவனேசன்.

பட்டணத்தில் மதார் சாகிபுவின் உணவகத்துக்குப் பின்னால் எப்போதும் ஆடு கட்டியிருக்கும். இருசப்பன் போய்க் கேட்டார். மதார் சாகிபு கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"என்னா இருசப்பா, ஆட்டைப் புல்லு மேய விடவா கேக்குற? மேயட்டும், எனக்குத் தீனிச் செலவு மிச்சம். ஆனா சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு லோரி வந்துரும். ஞாயித்துக்கிழமை கல்யாண பிரியாணி. ஒரு ஆடு குறைஞ்சாலும் மாப்பிள்ளை வூட்டுக்காரன் என்னை அறுத்துருவான்."

"மருந்தடிச்ச புல்லு பாய். மேய வுட்றாதீங்க."

"அப்ப சும்மா நிக்கவா?"

"ஆமா, சும்மா நிக்கத்தான்."

மதார் சாகிபு சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு எட்டு ஆடு தருகிறேன் என்றார்.

கடைசியாக மரம். டிரோன் எடுத்த படத்தில் நாற்பது ஏக்கர் பழுப்புக்கு ஓரத்தில் பச்சையாக ஒரு உருண்டை தெரிந்தது. டாக்டர் புனிதன் அதில் விரலை வைத்தார். "இது என்ன?"

"பூலாய் மரம் சார். அதுலதான் கூடு. குஞ்சு இருக்கு. இன்னொரு கழுகு தனியா இரை கொண்டாந்து போடுது."

"வறண்ட புல்வெளியில் பூலாய் மரம் வளராது."

"வளந்துருக்கு சார்."

"வளராது என்று சொன்னேன்." அவர் கோபப்படவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரிதான் சொன்னார். "பாருங்கள் இருசப்பன், உணர்ச்சிவசப்படாதீர்கள். நமது வாரியம் பறவைகளைக் காப்பது. கூடு பறவை அல்ல. குஞ்சு இன்னும் பறக்கவில்லை, ஆகவே வரையறைப்படி அதுவும் இன்னும் பறவை அல்ல. மரமோ நம் நிலத்தின் தன்மையையே கெடுக்கிறது."

மரம் வெட்டும் ஆளுக்குத் திங்கட்கிழமைதான் நேரம் இருந்தது. அதனால் புவனேசன் கணினியில் அந்தப் பச்சையை அழித்தார். 'நிலப்பரப்பு முற்றிலும் மரங்களற்றது' என்ற சான்றிதழில் டாக்டர் கையெழுத்திட்டார். காவலருக்கும் ஓரிடம் இருந்தது. இருசப்பன் பேனாவை வாங்கினார். பக்கத்தில் புவனேசன், "சும்மா ஃபார்மாலிட்டி லா அங்கிள்," என்றார். இருசப்பன் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை மாலை அவர் போனபோது கழுகு கூண்டின் தரையில் இறக்கையை விரித்துக் கிடந்தது. அலகோரம் ரத்தம் காய்ந்திருந்தது. வெளியே தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எலி மருந்து தின்ற எதுவும் உள்ளே ரத்தம் கசிந்துதான் சாகும். அதைப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். பதினைந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கைகழுவிவிட்டுப் புவனேசனிடம் சொன்னார்.

வீட்டில் கலாவதி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"செத்துருச்சு கலா."

அவள் கையை நிறுத்தினாள்.

"மருந்து வச்சவனும் நான்தான். எலியைப் புடிச்சுக் குடுத்தவனும் நான்தான்."

"அவங்க சொன்னாங்க, நீங்க செஞ்சீங்க."

"எல்லாம் அவங்கதான் சொல்றாங்க. எனக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

கலாவதி இறால் சட்டியைத் தள்ளிவைத்தாள். "அழுதுருங்களேன்," என்றாள்.

"பாத்தேன். வரல."

மறுநாள் வாரியத்தில் அவசரக் கூட்டம். இருசப்பன் சுவரோரம் நின்றார். பறவை இல்லாமல் எப்படிப் பறக்கவிடுவது என்று புவனேசன் கேட்டார். டாக்டர் புனிதன் கையேட்டை இருநூற்று ஆறாம் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார்.

"இறந்துவிட்டது என்று நாம் சொல்லக் கூடாது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரத் தொண்ணூறு நாள். அதுவரை பறவையின் நிலை 'முடிவு நிலுவை'. நிலுவையில் உள்ள பறவையைப் பறக்கவிடக் கூடாது என்று இதில் எங்கேயும் இல்லை. நான் இரண்டு முறை படித்துவிட்டேன்."

சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. பூலாய் மரத்துக்கு முதுகு காட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எட்டு ஆடும் பழுப்புப் புல்லில் கட்டப்பட்டு, புல்லைத் தின்ன முடியாமல் வாயில் துணிவலையோடு நின்றன. வெளிநாட்டு அம்மையார் ஓர் ஆட்டின் காதைத் தடவி, இந்த அரிய புல்வெளி இனம் பாதுகாக்கப்பட வேண்டும் என்றார். தூரத்தில் ஆடு ஏற்றிவந்த லோரிக்குப் பக்கத்தில் நின்ற மதார் சாகிபு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டாக்டர் புனிதன் பேசினார். "மூன்று வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு புல்வெளி இருப்பது யாருக்கும் தெரியாது. இன்று தெரிகிறது. ஒரு பறவையைக் காப்பாற்றுவது சுலபம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு திட்டத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம். அதை நாங்கள் செய்திருக்கிறோம்." கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

பச்சைத் துணி போர்த்திய பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அம்மையார் கதவைத் திறந்தார். டாக்டர் சட்டென்று வானத்தைக் காட்டி, "அதோ!" என்றார். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அம்மையார் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். எதிரே சூரியன். "என்ன வேகம்!" என்று யாரோ சொன்னார்கள். தோட்ட நிர்வாகி தனக்கு நன்றாகத் தெரிந்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சான்றிதழில் கையெழுத்திட்டார்.

அந்த நேரம் பார்த்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமிருந்து ஜோடியில் மிஞ்சிய கழுகு தாழப் பறந்து வந்தது. காலில் ஒரு கெலி மீன் நெளிந்துகொண்டிருந்தது. கடைசி வரிசை நாற்காலிகளை ஒட்டியே வந்து பூலாய் மரத்தில் இறங்கியது. குஞ்சு கத்தியது. யாரும் திரும்பவில்லை. அறுபது பேரில் இருசப்பன் ஒருவர்தான் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அந்தச் சான்றிதழில் தான் போட்ட கையெழுத்தை நினைத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் புவனேசன் வந்தார். பின்னாலேயே ஒரு லோரியில் செல்லன் என்கிற மரம் வெட்டுபவர், இரண்டு ஆட்கள், சங்கிலி ரம்பம். இருசப்பன் மருந்துச் சாக்கைக் கீழே வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய் நின்றார். தடுக்கப்போகிறோம் என்று நினைத்துப் போகவில்லை. கால் போனது.

செல்லன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஆத்தோர மரம். லெட்டர் இல்லாம நான் கை வைக்க மாட்டேன். போன வருஷம் ஒரு தடவ பட்டுட்டேன்."

"லெட்டர்தானே, இப்பவே எழுதித் தரேன் லா," என்றார் புவனேசன். காரின் முன்மூடியில் தாளை வைத்து எழுதத் தொடங்கினார்.

"என்னான்னு எழுதுறீங்க சார்?" என்று கேட்டார் இருசப்பன்.

"வாரியத்தின் புல்வெளியில் உள்ள ஒரு பூலாய் மரத்தை..."

"எங்க உள்ள மரம்?"

"புல்வெளியில்..." புவனேசனின் பேனா நின்றது.

"மரமே இல்லன்னு எழுதித்தானே சார் என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க. டாக்டர் போட்டுருக்காரு. அந்த வெளிநாட்டம்மாவும் போட்டுருக்கு. இப்ப நீங்க மரம் இருக்குன்னு லெட்டர் குடுத்தா, அன்னைக்கி எழுதுனது பொய்னு ஆயிடும்ல? அதுல உங்க பேரும் இருக்கு."

இருசப்பன் இவ்வளவு நீளமாகப் பேசியதை அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. 

புவனேசன் தள்ளிப்போய் டாக்டருக்கு அழைத்தார். பதற்றத்தில் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது.

"எந்த மரம்?" என்றது டாக்டரின் குரல்.

"அந்த மரம் சார். படத்துல அழிச்சோமே."

கையேட்டுத் தாள்கள் புரளும் சத்தம். பிறகு, "அப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்ததில்லை. இல்லாத மரத்தை வெட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? உடனே அங்கிருந்து கிளம்புங்கள். அதன் பக்கத்தில் நிற்கக்கூட வேண்டாம்."

செல்லன் ரம்பத்தை லோரியில் ஏற்றினார். "காலையிலேயே வெட்டி அலைச்சல்," என்று முணுமுணுத்தார். புவனேசன் காரில் ஏறுமுன் ஒருமுறை மரத்தை நிமிர்ந்து பார்த்தார். குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. "பெருசாயிடுச்சு அங்கிள்," என்றார் மெதுவாக. பிறகு, தான் ஒன்றும் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தவர்போல வேகமாகப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இருசப்பன் ஆற்றோரம் எட்டு வரிசைக்கு மருந்து வைப்பதை விட்டுவிட்டார். மண்டோர் கேட்டால் வைத்தாயிற்று என்றார். மிஞ்சிய கட்டிகளைத் திரும்பவும் கிடங்கிலேயே போட்டார். முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அப்படி அடித்துக்கொண்டதால், கிடங்கு வாசலில் நின்று அதைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலாவதியையும் மோட்டாரில் அழைத்து வந்தார். இருவரும் கரையில் உட்கார்ந்து வீட்டில் கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். குஞ்சு அதற்குள் பறக்கப் பழகியிருந்தது. தண்ணீரை நோக்கிச் சரிந்து, தப்பான கோணத்தில் இறங்கி, தொப்பென்று விழுந்து, நனைந்த கோழி மாதிரி கரையேறியது. கலாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கைப்பேசி அடித்தது. புவனேசன்.

"மாச ரிப்போர்ட் அங்கிள். இந்த மாசம் பறவை ஏதாச்சும் பாத்தீங்களா?"

குஞ்சு மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை கால் தண்ணீரைத் தொட்டது. மேலே எழும்பியபோது, உள்ளங்கை அளவு ஒரு மீன் அதன் நகத்தில் தொங்கியது. தாய்க்கழுகோ தகப்பன்கழுகோ, மரத்திலிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. கலாவதி அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இல்ல சார்," என்றார் இருசப்பன். "இங்க ஏது சார் பறவை."